ஒரு பிடி பயறும் ஒரு கேள்வியும்

“விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஏதாவது செய்துகொண்டு வரச் சொன்னார்கள்” என்று பிள்ளை வந்து சொன்னதும் பல வீடுகளில் முதலில் எழுவது காசுக் கவலைதான். ரெஜிபோம், பிறிஸ்டல் மட்டை, வர்ணம், மின்குமிழ் என்று பட்டியல் நீளும். ஊரை விட்டு வந்து கூலிவேலையில் அடுப்பெரிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செலவல்ல. கொண்டுபோக ஒன்றுமில்லாத பிள்ளை அன்று பாடசாலைக்கே போகாமல் நின்றுவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

நாம் பார்க்கச் சென்ற ஒரு கண்காட்சியில் அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து பொங்கவைத்த எரிமலைகள் பல இருந்தன. கூட்டமெல்லாம் அவற்றைச் சுற்றியே நின்றது. ஒரு மூலையில் எட்டாந்தரச் சிறுமி ஒருத்தி பதினைந்து சிரட்டைகளையும் ஒரு கொப்பியையும் வைத்துக்கொண்டு நின்றாள். இடம்பெயர்ந்து வந்த அவளுடைய குடும்பம் கடலுக்குக் கிட்டவாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அங்கிருந்த கிணற்றுத் தண்ணீர் சற்றுச் சவர். தகப்பனிடம் இருந்ததோ ஒரேயொரு பை விதைப்பயறு. “இந்தத் தண்ணீரில் எங்கள் பயறு முளைத்து வளருமா?” இதுவே அவளுடைய கேள்வி.

நல்ல செயற்றிட்டம் இப்படியான கேள்வியில்தான் தொடங்குகிறது. விடை தெரிந்த ஒன்றைச் செய்து காட்டுவது வேடிக்கை. தெரியாத ஒன்றை அளந்து பார்ப்பதே பரிசோதனை. அவள் செய்ததை எந்தப் பிள்ளையும் செய்யலாம்.

செய்யும் முறை

வண்டு துளைக்காத பயறு 300 எண்ணி எடுக்க வேண்டும். இது ஒரு பிடிக்கும் குறைவே. மருந்து தடவிய விதையைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். கழுவிய சிரட்டைகள் 15இல் மடித்த பழந்துணியை விரித்து, ஒவ்வொன்றிலும் 20 பயறு வைக்க வேண்டும்.

தண்ணீர் ஐந்து வகை. முதலாவது மழைநீர் அல்லது உவரில்லாத நல்ல தண்ணீர். இரண்டாவதில் ஒரு லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி, நான்காவதில் இரண்டு. கரண்டியைத் தலைதட்டி அளந்தால் ஒரு தேக்கரண்டி உப்பு 5 முதல் 6 கிராம் வரை இருக்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஐந்தாவது, சோதிக்க விரும்பும் கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொரு வகைக்கும் மூன்று சிரட்டைகள். ஒன்றில் தவறு நேர்ந்தாலும் மற்ற இரண்டும் உண்மையைச் சொல்லும்.

எல்லாச் சிரட்டைக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே நிழல், ஒரே நேரம். தண்ணீரின் வகை மட்டுமே மாறலாம். இலையால் மூடி வைக்க வேண்டும். மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும்.

கிணற்றுத் தண்ணீரைப் பெரியவர்களே அள்ளிக் கொடுக்க வேண்டும். கைவிடப்பட்ட காணிகளுக்குள், மிதிவெடி இல்லையென்று உறுதிசெய்யப்படாத இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

எண்ணுவதும் அளப்பதும்

ஐந்து நாட்கள், காலையில் ஒரே நேரத்தில், முளைத்தவற்றை எண்ணி எழுத வேண்டும். வேர் ஒரு நெல்மணியின் அகலமளவு வெளியே வந்தால் முளைத்ததாகக் கொள்ளலாம். 20இல் 15 முளைத்தால் நூற்றுக்கு 75. கடைசி நாளில் வேரின் நீளத்தையும் அடிமட்டத்தால் அளக்க வேண்டும்.

அந்தச் சிறுமியின் கொப்பியில் இந்த அளவுதான் உண்மையைக் காட்டிக் கொடுத்தது. கிணற்றுத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் முளைத்த தொகை கிட்டத்தட்ட ஒன்றே. தகப்பனுக்கு மகிழ்ச்சி. ஆனால் கிணற்றுத் தண்ணீர்ச் சிரட்டையில் வேர்கள் கட்டையாக நின்றன. அரைக்கரண்டி உப்புச் சிரட்டையின் வேர்களைப் போலவே அவை இருந்தன. முளைத்திருந்தன, ஓடவில்லை. விதை தண்ணீரை உறிஞ்சியே வளர்கிறது. வெளியே உப்புக் கூடினால் உறிஞ்சுவது கடினமாகிறது. பாடநூலில் வரும் பிரசாரணம் என்பது இதுவே.

நல்ல தண்ணீர்ச் சிரட்டை ஒன்றில் சில பயறுகளைக் காணவில்லை. அதையும் அவள் அழிக்கவில்லை. “எறும்பு கொண்டு போய்விட்டது” என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். பிழைத்துப் போனதையும் உள்ளபடி எழுதுகிற பிள்ளையே விஞ்ஞானம் கற்ற பிள்ளை.

அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் தகப்பன் விதைப்பை முழுவதையும் அந்த நிலத்தில் கொட்டவில்லை. ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, மீதியை மழைக்கு வைத்துக்கொண்டார்.

கிணறு ஏன் உவராகிறது?

கண்காட்சியில் இக்கேள்வி நிச்சயம் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனூடாக இறங்கும் மழைநீர், கடல்நீரிலும் பாரம் குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலே ஏறுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த கரையோரக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததால், சில இடங்களில் உவர் குறைவதற்குப் பதிலாகக் கூடியதும் இதனால்தான். பின்னர் பெய்த பருவமழையே பெரும்பாலும் அவற்றைத் தேற்றியது.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. பயறு முளைத்ததால் அத்தண்ணீர் குடிக்க உகந்தது என்று கொள்ள முடியாது. கிருமியையும் நைத்திரேற்றையும் சிரட்டை காட்டாது. பயறுக்குக் கண்ட முடிவு உவரைத் தாங்காத வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அப்படியே பொருந்தாது. வேண்டுமானால் அந்த விதைகளையும் தனித்தனியே சோதிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஒரு பிடி விதையும் வீட்டில் ஒரு மூலையும் கொடுங்கள். பின்னேரத்தில் “இன்றைக்கு எத்தனை?” என்று கேளுங்கள். எந்த மாதத்தில் கிணறு சவரேறும், எந்தக் காணியில் நல்ல தண்ணீர் ஊறும் என்று உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுடைய கொப்பியில் எழுத விடுங்கள். காணியை விட்டு வந்தபோது அந்த அறிவையும் நாம் விட்டு வந்துவிடவில்லை. அதைப் பிள்ளையின் கையில் கொடுக்க ஒரு சிரட்டை போதும்.