அடுப்பில் வேகும் வண்ணம்

மூணாறில் ஒரு பருவமழை போதும். பைக் ஸ்டாண்டில் துரு எட்டிப் பார்த்துவிடும். தூரிகைப் பெயின்ட்டைவிட பவுடர் கோட்டிங் நன்றாகத் தாங்கும். ஆனால் கோவைப் பட்டறைகளுக்குப் போக உடுமலைப்பேட்டை வழியே மலையிறங்க வேண்டும். பாலக்காட்டுக்காரர்களுக்கு வாளையாறு தாண்டினால் போதும். இரண்டு ஃபுட்ரெஸ்ட்டுக்காக இவ்வளவு அலைச்சலா? வீட்டிலேயே செய்துபார்க்கும் ஆசை இப்படித்தான் பிறக்கிறது.

வித்தை எளிமையானது. துப்பாக்கியிலிருந்து மின்னேற்றத்தோடு கிளம்பும் பாலியெஸ்டர் தூள், எர்த் கொடுத்த இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வெந்தால் உருகி, இறுகிவிடும். தின்னர் நெடியே கிடையாது.

சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில். எண்ணெய்ப்பசையும் பழைய துருவும் போகாமல் தூவினால், பளபளப்புக்கு அடியில் துரு ஊர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் பூச்சு தோலாக உரியும். பொழுதுபோக்குக்காரர்கள் பலர் அவசரப்படுவது இங்கேதான்.

அவசரப்படக் கூடாத இன்னொரு இடம் சமையலறை. பவுடர் வேகவைத்த ஓவனில் மறுபடி கேக் சுடக்கூடாது. பழைய மின் ஓவன் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கும் நல்லது. காற்றில் மிதக்கும் தூள் தீப்பொறி பட்டால் குபீரெனப் பற்றும். கேஸ் அடுப்பு பக்கத்திலேயே இருக்கக் கூடாது. முகமூடியும் அவசியம்.

வீல் ரிம்? அது வீட்டு ஓவனுக்குள் நுழையாது. மலையிறங்க வேண்டியதுதான்.