ஒரு சோறு பதமாகுமா?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பர் நம் பெரியோர். ஒரே உலையில் வெந்த சோற்றுக்கு அது சரி. மனிதரின் ஹார்மோன்களை ஆராய்வோருக்கு அது பொருந்துமா?

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டானா கார்னியும் வேறு இருவரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நெஞ்சை நிமிர்த்திக் கைகால்களை அகல விரித்து இரண்டு நிமிடம் இருந்தால், உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் உயர்கிறது. மன நெருக்கடியில் மிகும் கார்டிசால் குறைகிறது. துணிச்சல் பெருகுகிறது என்றனர். செய்தி உலகெங்கும் பரவிற்று. நேர்முகத் தேர்வுக்கு முன் நானும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவ்வாறு நின்றதுண்டு!

ஆனால் அச்சோதனைக்கு உட்பட்டோர் 42 பேரே. 2015-இல் ஈவா ரானெஹில் குழுவினர் 200 பேரைக் கொண்டு மீண்டும் சோதித்தனர். ‘வலிமை பெற்றோம்’ என்ற உணர்வு மட்டும் கூடியது, ஹார்மோன்கள் அசையவில்லை, துணிச்சலும் மாறவில்லை. 2016-இல் கார்னியே, தம் பழைய முடிவில் தமக்கு நம்பிக்கையில்லை என்று வெளிப்படையாக எழுதினார். ஆட்களைச் சிறுசிறு தொகுதிகளாகச் சேர்த்து, இடையிடையே முடிவைப் பார்த்து வந்ததையும் ஒப்புக்கொண்டார். இதுவன்றோ நேர்மை!

பிழை எங்கெங்கே நுழைகிறது? முதலாவது, எண்ணிக்கை. சிலரிடம் மட்டும் பார்த்தால் தற்செயலும் உண்மைபோல் தோன்றும். இரண்டாவது, நேரம். கார்டிசால், நாம் விழித்த அரைமணி அளவில் உச்சத்தை எட்டி, இரவில் தாழும். ஒருவரிடம் காலையிலும் மற்றவரிடம் மாலையிலும் உமிழ்நீர் எடுத்தால், நாம் அளப்பது மனத்தை அன்று, கடிகாரத்தை! மூன்றாவது, அளக்கும் முறை. எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் எளிய முறை, ஒத்த அமைப்புடைய பிற பொருள்களையும் டெஸ்டோஸ்டிரோன் என்று எண்ணிவிடுவதுண்டு. அது குறைவாகவே சுரக்கும் பெண்களிடம் இப்பிழை பெரிது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இதனினும் நம்பத்தக்கது; செலவும் மிகுதி.

இவற்றோடு, கருதுகோள், ஆட்களின் எண்ணிக்கை, கணக்கிடும் முறை ஆகிய மூன்றையும் சோதனைக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பிறகு மனம்போல் மாற்றினால் வெளிப்பட்டுவிடும்.

தேர்வு நாட்களில் மாணவரின் கார்டிசாலை அளப்பது என் ஆராய்ச்சி. நம் சங்க நண்பர்கள் பன்னிருவர் உமிழ்நீர் தர அன்போடு முன்வந்தனர். அவர்களைக் கொண்டே முடித்திருந்தால் இவ்வாண்டே கட்டுரை ஆகியிருக்கும். ‘எப்போது முடியும்?’ என்று ஊரிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டேயிருக்கிறார். ஆயினும் ஓராண்டு தள்ளிவைத்தேன்.

நண்பர்களே! அடுத்த தேர்வின்போது குப்பிகளோடு உங்கள் அறைக்கதவைத் தட்டுவேன். விழித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பல் துலக்குமுன் கதவைத் திறவுங்கள்!