குளிரும் குளமும் பெரிய மீனின் கணக்கும்

சின்ன மீனைப் போட்டுத்தான் பெரிய மீனைப் பிடிக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அமெரிக்காவின் இல்லினாய், மிசூரி மாநிலங்களில் பண்ணைக் குளத்தங்கரையில் தூண்டிலோடு நிற்பவர்கள் அக்டோபர் பிறந்ததும் இதை இன்னும் ஒரு படி நீட்டிக்கொள்கிறார்கள்: மிகப் பெரிய மீன் வேண்டுமானால், போடுகிற மீனும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

அவர்கள் போடுவது உயிர் மீன் அல்ல. பிளாஸ்டிக், ரப்பர், ஈயம், உலோகத் தகடு ஆகியவற்றால் செய்த ‘லூர்’ என்ற பொய் இரை. பிடிக்க நினைப்பது லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனை. பச்சை முதுகு, பக்கவாட்டில் ஒரு கரும்பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும் வாய். கோடை முழுவதும் கைகொடுத்த லூரையே அதே குளத்தில் இலையுதிர் காலத்திலும் வீசினால், பெரும்பாலும் சாண் நீளக் குட்டிகளே வந்து மாட்டும். பெரிய மீன்கள் குளத்தைவிட்டு எங்கும் போய்விடவில்லை. குளத்து நீர் மாறியிருக்கிறது, இரை வளர்ந்திருக்கிறது. அதனால் அவற்றின் சாப்பாட்டுக் கணக்கும் மாறியிருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்தவருக்கு எந்த லூரை எடுப்பது என்பதில் குழப்பம் இல்லை.

நீர் புரளும் நாட்கள்

கோடையில் ஓரளவு ஆழமான குளம் இரண்டு அடுக்காகப் பிரிந்து கிடக்கும். வெயில் பட்ட வெதுவெதுப்பான நீர் லேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது, அடியில் தங்கும். இரண்டும் கலப்பதில்லை. அடியில் மக்கும் இலைதழைகள் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுவதால், மீன்கள் மேலடுக்கிலேயே அடைபட்டுக் கிடக்கின்றன.

இலையுதிர் கால இரவுகள் மேல்நீரைக் குளிரவைக்கின்றன. குளிர்ந்த நீர் கீழே இறங்குகிறது. இரண்டு அடுக்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் பலத்த காற்று அடித்ததும் குளம் முழுவதும் புரண்டு கலந்துவிடும். அப்போது நீர் கலங்கும். அழுகிய முட்டை நாற்றம்கூட வரலாம். அந்த ஓரிரு நாட்கள் மீன் கடிப்பது அபூர்வம். அதன் பிறகு குளம் புதிதாகத் திறந்துவிட்டது போலத்தான். 25 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 10 டிகிரியில் அது சுமார் 11 மில்லிகிராமாக உயர்கிறது. மேலடுக்கில் முடங்கியிருந்த பாஸ், இப்போது கரையோரம் முதல் அடிமட்டம் வரை எங்கும் போகலாம்.

மீன் எங்கும் இருக்கலாம் என்றால் தூண்டில்காரர் தேட வேண்டும். கோடையில் ஒரே பாசித் திட்டின் மேல் பிளாஸ்டிக் தவளையைப் பொறுமையாக ஆட்டிக்கொண்டிருந்தவர், இப்போது வேகமாக இழுத்துப் பரப்பளவைத் துழாவக்கூடிய லூருக்கு மாற வேண்டியிருக்கிறது.

குளத்தின் தீவனம்

அடுத்த கேள்வி, அந்தக் குளத்தில் பாஸ் எதைத் தின்கிறது? பெரும்பாலான அமெரிக்கப் பண்ணைக் குளங்களில் விடை ஒன்றுதான்: புளூகில். உள்ளங்கை போலத் தட்டையான, உயர்ந்த உடல் கொண்ட சின்ன மீன். 1930-களில் அலபாமாவின் ஆபர்னில் ஆய்வைத் தொடங்கிய ஹோமர் ஸ்விங்கிள், குளத்தில் பாஸையும் புளூகில்லையும் சேர்த்து வளர்க்கும் முறையை ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சீராக்கினார். பத்து புளூகில் குஞ்சுக்கு ஒரு பாஸ் குஞ்சு என்று குளத்தில் விடும் வழக்கம் அந்த ஆய்வுகளையொட்டி வந்ததுதான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் ஏமாறுகிறார்கள். இலையுதிர் கால மீன்பிடிப்பு பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி பெரிய நீர்த்தேக்கங்களுக்காக எழுதப்பட்டது. அங்கே ‘ஷாட்’ என்ற வெள்ளி நிற மீன் கூட்டங்கூட்டமாக ஓடைமுகங்களுக்குள் நுழையும், பாஸ் பின்தொடரும். அதற்கு மெலிந்த, வெள்ளி நிற லூர் சரி. ஷாட்டே இல்லாத பண்ணைக் குளத்தில் அந்த உருவம் எதைப் போலவும் இல்லை. அங்கே வேண்டியது உயரமான உடல், கரும்பச்சை முதுகு, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக இறங்கும் கோடுகள்.

புளூகில் கோடையில் பல முறை முட்டையிடும். அதனால் இலையுதிர் காலத்தில் குளத்தில் பல அளவுக் குஞ்சுகள் இருக்கும். முன்னதாகப் பொரித்தவை விரல் நீளம் வளர்ந்திருக்கும். அவற்றுக்கு ஒளிவிடமாக இருந்த நீர்ச்செடிகளோ பகல் குறையக் குறையப் பழுத்துச் சரியும். வளர்ந்த இரை மறைவிடம் இழந்து நிற்கிற பருவம் இது. குளத்தில் கடைசியாகப் பச்சை மாறாமல் நிற்கும் செடித்திட்டு எதுவோ, அதன் ஓரத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

வாய் அளந்த இரை

பாஸ் இரையைக் கடித்துத் துண்டாக்குவதில்லை, முழுசாக விழுங்குகிறது. ஆகவே அதன் வாய் அகலமே எல்லை. புளூகில்லின் உடல் உயரமானது என்பதால், பாஸின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள புளூகில்தான் அதன் வாய்க்குள் போகும். 30 சென்டிமீட்டர் பாஸுக்கு 10 சென்டிமீட்டர் புளூகில் திணறல். 50 சென்டிமீட்டர் பாஸுக்கு அது சௌகரியமான ஒரு வாய். கொஞ்சம் பெரிய லூர் போட்டால் குட்டிகள் தாமாக விலகிவிடுவது இதனால்தான்.

பெரிய மீன் ஏன் பெரிய இரையைத் தேடுகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்குப் போதும். ஒரே உருவமுள்ள இரண்டு மீன்களில் ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கு நீளம் என்றால், எடை 4×4×4, அதாவது 64 மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் குஞ்சை 64 முறை துரத்துவதும் எட்டு சென்டிமீட்டர் புளூகில்லை ஒரே முறை பிடிப்பதும் வயிற்றுக்கு ஒன்றே. உடலின் செலவில்தான் மலையளவு வித்தியாசம்.

அந்த ஒரு பாய்ச்சலை அருகே போய்ப் பார்ப்போம். பாஸ் இரையை நெருங்குகிறது. வாய் குகை போலத் திறக்கிறது, தலை முழுவதும் விரிகிறது. உள்ளே உருவான வெற்றிடத்தை நிரப்ப நீர் பாய, நீரோடு புளூகில்லும் உள்ளே போய்விடுகிறது. செவுள் வழியே நீர் மட்டும் வெளியேறுகிறது. நம் கண் ஒரு முறை இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்-ரே படங்களைக் கொண்டு 2015-இல் இதை அளந்தார்கள். இந்த உறிஞ்சலுக்கான ஆற்றலில் கிட்டத்தட்ட முழுவதையும் தருவது தலைத் தசைகள் அல்ல, நீந்துவதற்கான உடல் தசைகள் என்று தெரிந்தது. ஒரு வாய் உணவுக்கு மீன் தன் உடம்பையே செலவிடுகிறது. குளிர் ரத்தப் பிராணியான அதற்கு, நீர் 10 டிகிரி குளிர்ந்தால் உடலியக்கம் சுமார் பாதியாகிவிடும். செரிமானமும் மெதுவாகிவிடும். அதனால்தான் குளிர் ஏற ஏற, அடிக்கடி துரத்துவதைக் குறைத்து, பலன் தரும் ஒரே வாய்க்காகக் காத்திருக்கிறது.

மூன்று கட்டம், மூன்று லூர்

நீர் 20 டிகிரியை ஒட்டியிருக்கும் தொடக்க நாட்களில் பாஸ் துரத்தும். வளைந்த கம்பியின் ஒரு நுனியில் சுழலும் தகடும், மறு நுனியில் ஈயத் தலையும் ரப்பர்க் குஞ்சமும் கொண்ட ஸ்பின்னர்பெய்ட்டுக்கு ஏற்ற நேரம் அது. தகட்டின் அதிர்வை மீன் உடலின் பக்கக் கோட்டு உணர்வுறுப்பால் அறிகிறது. கலங்கிய நீரிலும் தேடி வரும்.

15 டிகிரியை நெருங்கும்போது, புளூகில் உருவத்தில் செய்த உள்ளங்கை அகல ஸ்விம்பெய்ட்டுக்கு மாறலாம். இது மென் பிளாஸ்டிக் மீன். இழுத்தால் வால் ஆடும். நிதானமாக இழுத்து, இடையிடையே நிறுத்த வேண்டும். பெரிய மீனுக்கான சிறந்த வாரங்கள் இவைதான்.

10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் ஜிக். ஈயத் தலையுள்ள தூண்டில் முள், அதைச் சுற்றி ரப்பர்க் குஞ்சம், பின்னால் மென் பிளாஸ்டிக் வால். ஆழத்தில் கிடக்கும் மரக்கட்டைக்கு அருகே இறக்கிவிட்டு, அசைக்காமல் விட வேண்டும். கடி கைக்குத் தெரியாது. தளர்ந்து கிடக்கும் தூண்டில் நரம்பு காரணமில்லாமல் பக்கவாட்டில் நகரும். அவ்வளவுதான் அடையாளம்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில், பாஸ் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது. பளிச்சென்ற மஞ்சள் பச்சையை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டது. கடை அலமாரியில் நம்மைக் கவரும் பல நிறங்கள் அதற்கு ஒன்றுதான். முதலில் உருவமும் வேகமும், அப்புறம்தான் நிறம்.

பிடித்ததை விடுவது

இல்லினாயில் ரிட்ஜ் ஏரி என்ற சிறு நீர்நிலையில், பிடித்த ஒவ்வொரு பாஸையும் ஆய்வாளர்கள் அடையாளமிட்டு மீண்டும் நீரில் விட்டார்கள். நான்கு ஆண்டுக்குப் பின் நீரை வடித்துப் பார்த்தபோது 1,700-க்கும் மேற்பட்ட பாஸ்கள் இருந்தன. அவற்றில் சுமார் 15 விழுக்காடு ஒரு முறைகூடத் தூண்டிலில் மாட்டாதவை. எளிதில் மாட்டுபவற்றையும் மாட்டாதவற்றையும் தனித்தனியாகச் சில தலைமுறை வளர்த்தபோது, அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்குவது தெரிந்தது. கடிக்கும் மீனையெல்லாம் எடுத்துக்கொண்டே போனால், கடிக்காத வம்சம்தான் குளத்தில் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. மிகப் பெரிய பாஸ் அநேகமாகப் பெண் மீன்தான். வசந்தத்தில் இடப்போகும் முட்டைகள் இலையுதிர் காலத்திலேயே அதன் வயிற்றில் உருவாகத் தொடங்கிவிடும். அக்டோபரில் அது தேடும் பெரிய வாய் உணவு, அந்த முட்டைகளுக்கும் சேர்த்துத்தான். குழம்புக்கு வேண்டுமானால் குட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். நெரிசல் குறைந்து மிச்சமுள்ளவை நன்றாக வளரும். பெரிய மீனை வயிற்றோடு தாங்கிப் பிடித்து, உடனே நீரில் விட்டுவிட வேண்டும். அதன் தோலில் உள்ள வழவழப்பான பூச்சுதான் நோயிலிருந்து அதைக் காக்கிறது. உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். ஆகவே மீனைத் தொடும் முன் கையை நனைக்கச் சொல்வார்கள்.

லூர்ப் பெட்டியைத் திறக்கும் முன்பும் கையை ஒரு முறை குளத்து நீரில் நனைத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்று அந்தக் குளிரே சொல்லிவிடும்.