பழைய கப்பலா, புதுக் கப்பலா?

காவிரியில் பரிசல் ஏறியவர்கள் பவானியில் ஏராளம். கப்பல் ஏறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடல் இல்லாத ஊர். ஆனாலும் ஆசைக்கு அணை கட்ட முடியுமா?

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் கிளம்பியது. மறு ஆண்டு அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கே இதைவிடப் பல மடங்கு பெரிய கப்பலில் ஏறுகிறவர்களும் உண்டு. பெற்றோரின் அறுபதாம் கலியாணத்துக்குப் பிள்ளைகள் கூடிப் பணம் போட்டு அனுப்பும் காலம் இது. எந்தக் கப்பலுக்குப் பணம் கட்டுவது என்பதில்தான் குழப்பம்.

"ஏனுங்க, சின்னக் கப்பல்னா ஆடுமுங்களா? பழசுன்னா பயமில்லீங்களா?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது.

ரஜூலாவும் சிதம்பரமும்

மலேயாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் 'ரஜூலா'வை மறக்க மாட்டார்கள். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். எடைக் கணக்கு சுமார் 8,500 டன்தான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அறை எடுத்துப் போனவர்கள் சிலரே. மற்றவர்கள் எல்லாம் தளப் பிரயாணிகள். பாயோ ஜமக்காளமோ விரித்த இடம்தான் அவர்களுக்கு வீடு. தொடக்க காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது என்றால் நெரிசலை ஊகித்துக்கொள்ளலாம். உலக யுத்தத்திலும் அது சேவை செய்தது. 1973 வரை, ஏறக்குறைய 47 ஆண்டுகள், பிரயாணிகளைச் சுமந்தது. பிறகுதான் கைமாறி, உடைப்புக்குப் போயிற்று.

அந்த வழியில் வந்த புதுக் கப்பல் 'சிதம்பரம்'. 1966-ல் பிரான்சில் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டப்பட்டது. 1972-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. சுமார் 18 ஆயிரம் டன்; ரஜூலாவைப் போல் இரண்டு மடங்கு! சௌகரியங்களும் அதிகம். ஆனால் 1985 பிப்ரவரி 12-ம் தேதி, சென்னையை நோக்கி வரும்போது நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள். கப்பலின் ஆயுளும் பத்தொன்பது வருடத்தோடு முடிந்தது.

சின்னக் கிழவி கடைசி வரை கரை சேர்த்தாள். பெரிய வாலிபன் பாதி வழியில் வீழ்ந்தான். இதைக் கொண்டு 'பழசே மேல்' என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பருமனும் வயதும் மட்டும் காப்பாற்றாது என்பதற்கே இது சாட்சி. இத்தாலியின் 'கோஸ்டா கான்கார்டியா' 2006-ல் வந்த கப்பல். அது 2012 ஜனவரியில் கரையோரப் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டார்கள். கப்பல் புதியது, செலுத்தியவர் செய்த பிழை!

2010-ல் வந்த மாறுதல்

ஆனாலும் ஒரு வருடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: 2010. எரியக்கூடிய பொருள்களால் உள்வேலை செய்த பயணிக் கப்பல்கள் சர்வதேசப் பிரயாணம் போகக்கூடாது என்ற விதி அந்த அக்டோபரில் அமலுக்கு வந்தது. கிழட்டுக் கப்பல்கள் பல அதோடு ஓய்ந்தன. அதே ஆண்டு ஜூலை முதல் கட்டத் தொடங்கிய பெரிய பயணிக் கப்பல்களுக்கு இன்னொரு கட்டளை: ஓரிடத்தில் தீயோ வெள்ளமோ வந்தாலும், சேதம் ஓர் அளவுக்குள் இருந்தால், சொந்த இயந்திரத்தாலேயே துறைமுகம் திரும்பும்படி அமைத்திருக்க வேண்டும்.

இதன் அருமை 1999-ல் வந்த 'கார்னிவல் டிரயம்ப்' பிரயாணிகளுக்குத் தெரியும். 2013-ல் இயந்திர அறையில் தீப்பிடித்து, நாலாயிரம் பேருக்கு மேல் நாள் கணக்கில் மின்சாரமின்றி, கழிப்பறை வசதியுமின்றி மெக்சிகோ வளைகுடாவில் தத்தளித்தார்கள்.

ஆகவே கட்டிய வருடத்தைக் கேட்டே ஆகவேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சென்னைக்கு வந்த எம்ப்ரஸ் 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்று பிறந்தது. சொந்தக்காரர் மாற மாற, பெயரும் மாறியது. பெயர் எத்தனை தடவை மாறினாலும் கப்பலுக்குரிய ஏழு இலக்கப் பதிவு எண் மாறாது. அதை வைத்துப் பிறந்த வருடத்தையும், கடைசியாகப் பழுது பார்த்த வருடத்தையும் விசாரிக்கலாம்.

எது சின்னது?

இன்று சின்னக் கப்பல் எனப்படும் எம்ப்ரஸ் 48 ஆயிரம் டன்னுக்கு மேல். பிரபலமான டைட்டானிக்கோ 46 ஆயிரம்தான்! (இந்த டன் பாரத்தைக் குறிப்பதல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு.) 2024-ல் பிரயாணம் தொடங்கிய 'ஐகான் ஆப் தி சீஸ்' 2,48,000 டன்னைத் தாண்டும். நீளம் 365 மீட்டர், ஏறக்குறைய இரண்டு பர்லாங். பிரயாணிகள் மட்டும் 7,600 பேர் வரை. கப்பல் என்பதைவிட மிதக்கும் தாலுகா என்றே சொல்லலாம்.

அத்தனை பேர் இறங்கினால் எந்த ஊர் தாங்கும்? வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்டு முதல் 25 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகரின் நடுக் கால்வாய்க்குள் விடுவதில்லை. பெரிய கப்பல் நுழைய முடியாத துறைகள் உலகில் நிறைய. அங்கெல்லாம் சின்னக் கப்பல் ஊருக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். ஊர் பார்க்கப் போகிறவருக்கு அதுவே லாபம். கப்பலையே பார்க்கப் போகிறவருக்குப் பெரியதுதான் ஏற்றது.

முழங்கால் வலியுள்ள மாமியாரை அழைத்துப் போவதானால் யோசிக்க வேண்டும். பழைய கப்பலில் நடை குறைவு. ஆனால் அறை குறுகல், கதவு குறுகல், பால்கனியும் அரிது. சக்கர நாற்காலி வேண்டியவருக்குப் புதுக் கப்பலே சௌகரியம். அதில் சாப்பாட்டுக்கூடம் போய்ச் சேரும் தூரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவையாக இரண்டு மூன்று ராத்திரி கடலைப் பார்த்து வர ஆசைப்படும் தம்பதிக்கு, நன்றாகப் பராமரித்த சின்னக் கப்பல் போதும். பெரியதற்காகச் சேமிப்பைக் கரைக்க வேண்டியதில்லை.

ஆட்டம் சின்னக் கப்பலில் சற்று அதிகம்தான். ஆட்டத்தைக் குறைக்க, மீன் துடுப்பைப் போல் இரு பக்கமும் நீளும் தகடுகள் இப்போது உண்டு. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். அப்போது பிரயாணத்தைத் தவிர்ப்பது நல்லது. குமட்டலுக்கு அஞ்சுகிறவர்கள் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்கவேண்டும். அங்கேதான் அசைவு குறைவு. மேல்தளத்து அறைகளைவிட அந்த அறைகளுக்குக் கட்டணமும் பெரும்பாலும் குறைவு.