அறையும் ஓர் ஒலிபெருக்கியே

வீட்டின் ஓர் அறையைப் படமாளிகை ஆக்கும் ஆசை இன்று நம்மவரிடையே பெருகியுள்ளது. பெரிய தொலைக்காட்சி, முன்னே மூன்று ஒலிபெருக்கிகள், பின்னே இரண்டு, மூலையிலே சப்வூபர் என்னும் தாழ்தொனிப் பெட்டி ஒன்று. இத்தனையும் வந்திறங்கிய பின் குடும்பத்தார் கூடியிருந்து படம் பார்க்கின்றனர். வெடி வெடிக்கும்போது யன்னல் அதிர்கின்றது. ஆனால் கதாபாத்திரம் வாய் திறந்ததும் பாட்டியார், "அவன் என்ன சொன்னவன்?" என்று கேட்கின்றார். வீட்டுத் தலைவரோ இன்னும் பெரிய பெட்டி வாங்குவதற்குத் திட்டமிடுகின்றார். அப்பணத்தைச் செலவிடுமுன் அவருக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகின்றோம்.

கேட்பவரின் செவிக்கு வருவது ஒலிபெருக்கியின் ஒலி மட்டுமன்று. சுவரும் தரையும் கூரையும் அதனைத் தெறிக்கச் செய்து தத்தம் பங்கையும் சேர்த்தே அனுப்புகின்றன. இவ்வுண்மையை முதன்முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியரான வலஸ் சபைன். 1895 ஆம் ஆண்டில், அங்கே புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபம் ஒன்றிற் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை. சொல்லப்பட்ட சொல் ஏறத்தாழ 5.5 செக்கன் வரை மண்டபத்திலே சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் பேச்சாளர் பத்துப் பதினைந்து சொற்களைக் கடந்துவிடுவார். சபைன் இரவு வேளைகளில் அண்டை அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஓர்கன் குழாயை ஒலித்து, ஒலி ஓயும் நேரத்தைத் தம் செவியாலேயே கணித்தார். விடியுமுன் மெத்தைகள் தத்தம் இடத்துக்குத் திரும்பவேண்டும். இலத்திரனியற் கருவி எதுவும் இல்லாத காலம் அது. அவ்வுழைப்பின் பயனாகப் பிறந்த சமன்பாட்டைக் கொண்டே 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பனி மண்டபத்தின் ஒலியமைப்பு திட்டமிடப்பட்டது.

மெத்தையும் திரைச்சீலையும் உயர்ந்த தொனிகளை உறிஞ்சும். தாழ்தொனியை அவை தீண்டுவதில்லை. காரணம் அலைநீளம். நமது நாட்டு வெப்பத்திலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்கின்றது. ஆகவே 35 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் 10 மீற்றர். 5 மீற்றர் நீளமுள்ள அறையில் அதன் அரையலை சுவருக்குச் சுவர் அளவெடுத்ததுபோற் பொருந்திவிடும். உயர்தர வகுப்பு மாணவர் இதனைக் குழாயில் எழும் நின்ற அலையாகப் படித்திருப்பர். அதே கணுவும் முரண்கணுவும் வீட்டறையிலும் உண்டு. நீளவாட்டில் அறையின் நடுவே இருப்பவருக்கு அந்த 35 ஹேர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய மறைந்துபோகும். பின்சுவரில் முதுகைச் சாய்த்திருப்பவருக்கோ அது காதை அடைக்கும். அகலம் 4 மீற்றராயின் 44 ஹேர்ட்ஸிலும், உயரம் 3 மீற்றராயின் 58 ஹேர்ட்ஸிலும் இதே கூத்து நிகழும். எத்துணை விலைகொடுத்து வாங்கிய பெட்டியும் இவ்விதிக்குத் தப்பாது. இந்த வீங்கிய தாழ்தொனி பேச்சின் மேற் போர்வைபோல விழுந்து மூடுகின்றது. பாட்டியாரின் செவியைக் குறைசொல்லுதல் தகாது.

இங்கேதான் டிஜிற்றல் அறைத்திருத்தம் உதவிக்கு வருகின்றது. 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை ஏறிச்செல்லும் ஓர் ஒலியை ஒவ்வொரு பெட்டியும் எழுப்ப, ஒலிவாங்கி அதனைப் பதிவுசெய்கின்றது. எந்த மீடிறன் எவ்வளவு மிகுந்தது, எது குறைந்தது என்பதைக் கணித்து, அதற்கு எதிரான வடிகட்டிகள் ஆக்கப்படுகின்றன. ஓடிசி, டிராக் முதலிய முறைகள் பல ரிசீவர்களிலே அமைந்துள்ளன. முன்னது தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியிலும் பின்னது சுவீடனின் உப்சாலாவிலும் தோன்றியவை. தாமே அளந்து பார்க்க விரும்பும் மாணவருக்கு ஜோன் மல்கஹி என்பவர் ஆக்கிய ரூம் ஈ.கியூ. விசார்ட் என்னும் கணினிச் செயலி இலவசமாகவே கிடைக்கின்றது. அளவு திருத்தப்பட்ட ஒலிவாங்கி ஒன்று இருந்தாற் போதும். பௌதிக வகுப்பிலே நாம் கரும்பலகையில் வரைந்துகாட்டும் அலைகள், தம் சொந்த வீட்டின் வளைகோடாகத் திரையில் எழுவதைக் காணும் பிள்ளை அப்பாடத்தைப் பின்னர் மறப்பதில்லை.

ஒலிவாங்கியைக் கையிற் பிடித்தலோ கதிரையின் முதுகில் வைத்தலோ கூடாது. தாங்கியொன்றின்மீது, இருப்பவரின் செவி மட்டத்தில் நிறுத்தி, இருக்கையைச் சுற்றிப் பல புள்ளிகளில் அளக்கவேண்டும். மின்விசிறி நிற்கவேண்டும். முற்றத்து நாயும் சற்று ஒத்துழைத்தால் நலம்.

வளைகோட்டிலே மேடும் பள்ளமும் தோன்றும். மேட்டைத் தாழ்த்தலாம், ஆழ்ந்த பள்ளத்தை நிரப்ப முயலக்கூடாது. நேரே வரும் ஒலியும் சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதாலேயே அப்பள்ளம் உண்டாகின்றது. ஒன்றை உயர்த்தினால் மற்றதும் உயரும். பள்ளம் அப்படியே இருக்கும். 10 தெசிபெல் உயர்த்துவதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும்: 50 வாற்று 500 வாற்றாகும். பெட்டி புகையும், பயன் இராது. பள்ளத்துக்கு மருந்து, பெட்டியையோ இருக்கையையோ நகர்த்துவதே.

சப்வூபருக்கு உரிய இடத்தைக் காண வேடிக்கையான வழி ஒன்று உண்டு. அதனைத் தூக்கி நாம் அமரும் கதிரையிலேயே வைத்து, தாழ்தொனி மிக்க இசையொன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லவேண்டும். எங்கே ஒலி வீங்காமலும் மெலியாமலும் சீராகக் கேட்கின்றதோ அங்கே பெட்டியை வைக்கலாம். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் விளைவு மாறாது என்பது பௌதிக விதி. சிறுவர் இதனை ஆனந்தமாகச் செய்வர். பெரியோர் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குதல் நன்று.

அடுத்தது கிரொஸ் ஓவர் என்னும் பிரிப்பு. எந்த மீடிறனுக்குக் கீழே உள்ளதைச் சப்வூபரும், மேலே உள்ளதை ஏனைய பெட்டிகளும் ஏற்பது என்ற எல்லை இது. 80 ஹேர்ட்ஸ் நல்ல தொடக்கம். அதற்குக் கீழே ஒலி வரும் திசையைச் செவி எளிதில் உணர்வதில்லை. பெட்டி மூலையில் இருப்பதும் தெரியாது. எல்லையிலே மதிற்சுவர்போல வெட்டிவிட முடியாது. ஒன்று மெல்லத் தணிய மற்றது மெல்ல எழவேண்டும். 1976 இல் லிங்க்விற்ஸ், ரைலி என்னும் இரு பொறியியலாளர் அறிமுகஞ்செய்த வடிகட்டியில், எல்லைப் புள்ளியிலே ஒவ்வொன்றும் 6 தெசிபெல் தணிந்து, அதாவது வீச்சத்திற் பாதியாகி, இரண்டும் கூடியவிடத்து முழுமையாகின்றன. ரிசீவர் தானாகவே முன்பெட்டிகளைப் 'பெரியவை' எனக் குறித்துவிடுவதுண்டு. அவற்றைச் 'சிறியவை' என மாற்றுதலே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. பெட்டியின் பெருமை இதனாற் குறையாது.

இரு பெட்டிகளும் ஒரே காலத்திற் செவியை அடைதலும் வேண்டும். ஒரு மீற்றர்த் தூரம் ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் தாமதமாகும். ரிசீவர் அளந்தபின் 3 மீற்றரில் உள்ள சப்வூபரை 5 மீற்றர் எனக் காட்டினால், பிழையென்று திருத்த முற்படவேண்டாம். அப்பெட்டியின் உள்ளே உள்ள இலத்திரனியற் சுற்று உண்டாக்கும் தாமதத்தையும் அது சேர்த்தே கணக்கிடுகின்றது. அதன் பின்னரும் 80 ஹேர்ட்ஸ் அருகே பள்ளம் தெரிந்தால், இத்தூர எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் அளந்து, பள்ளம் எந்த எண்ணில் மிக நிரம்புகின்றதோ அதனைக் கொள்ளலாம்.

கணினி செய்யமுடியாததும் உண்டு. நமது வீடுகளின் சீமெந்துத் தரையும் பூசிய சுவரும் எழுப்பும் கலகலப்பை எந்த வடிகட்டியும் துடைக்காது. அதற்குச் சபைனின் மெத்தைதான் கதி: தரைக்குக் கம்பளம், யன்னலுக்குத் தடித்த சீலை, ஒரு சுவருக்குப் புத்தக அலுமாரி. இவ்வளவிலான அறையில் ஏறத்தாழ 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே கருவியின் திருத்தத்தை நம்பலாம். அதற்கு மேலே தலையைச் சற்று அசைத்தாலும் ஒலி மாறுவதால், திருத்தம் இலேசாக இருப்பதே நன்று.

எல்லாம் முடிந்தபின் முதல்நாள் வீட்டார், "பாஸ் போய்விட்டதே!" என்று முறையிடுவர். வீக்கத்துக்குப் பழகிய செவி அது. சப்வூபரை 3 தெசிபெல் உயர்த்திவிட்டு ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். பின்னர் நல்ல மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றைப் போட்டுக் கேட்கவேண்டும். தொப்பியின் ஒவ்வோர் அடியும் முந்திய அடியின் முழக்கத்தில் மூழ்காமல் தனித்துக் கேட்டால், அன்றிரவு பாட்டியாரைப் படம் பார்க்க அழைக்கலாம்.