நெய்வேலியிலிருந்து மாட்ரிட், பார்சிலோனா: ஒரு வாரம், இரண்டே ஊர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு பெற்ற கையோடு ஐரோப்பா போய்வர நினைக்கும் தம்பதிகளின் கையில் பெரும்பாலும் டிராவல்ஸ் கொடுத்த ஒரு பட்டியல் இருக்கும். பத்து நாளில் ஏழு நாடு. காலையில் ஒரு ஊர், ராத்திரி இன்னொரு ஊர், நடுவில் பஸ்ஸில் தூக்கம். முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம் இப்படிக் கரைவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. ஒரு வாரம்தான் முடியும் என்றால் ஒரு நாடும் இரண்டு ஊரும் தாராளமாகப் போதும். அது ஸ்பெயினாக இருந்தால் நெய்வேலிக்காரருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பணியில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை: எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையை இந்தப் பயணத்தோடு ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். டெல்லியிலிருந்து மதுரை, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிவந்து எல்.டி.சி.யில் கணக்கு எழுதிய ஸ்டேட் வங்கி ஊழியர்களின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியாவுக்குள்ளான பயணத்துக்குத்தான் எல்.டி.சி. வரிவிலக்கு என்று 2022 நவம்பர் 4 அன்று தீர்ப்பு வந்துவிட்டது. சொந்தச் செலவில் போனாலும் பொதுத்துறை ஊழியருக்கு நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்தத் தடையில்லாச் சான்றும் விடுப்புக் கடிதமும் விசா மனுவோடு போக வேண்டியவை. ஃபைல் நகர நாளாகும் என்பதால் டிக்கெட் பார்ப்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஸ்பெயினுக்கான ஷெங்கன் விசா மனுக்களைச் சென்னையில் வாங்குவது பி.எல்.எஸ். மையம். கைரேகை தர நேரில் போக வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். அந்தக் கெடு வரை தள்ளிப்போட வேண்டாம், கோடை விடுமுறை நெருங்கும்போது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

விமான டிக்கெட்டில்தான் பலர் ஒரு முழு நாளைத் தொலைக்கிறார்கள். சென்னை–மாட்ரிட்–சென்னை என்று எடுத்தால், பார்சிலோனா பார்த்த பிறகு விமானம் பிடிப்பதற்காகவே மாட்ரிட்டுக்குத் திரும்ப வேண்டும். போகும்போது மாட்ரிட்டில் இறங்குவது, வரும்போது பார்சிலோனாவில் ஏறுவது என்று ‘மல்டி சிட்டி’ முறையில் எடுங்கள். விலை பெரும்பாலும் பெரிதாக மாறாது. இரண்டு ஊருக்கும் நடுவே 621 கிலோமீட்டர் அதிவேக ரயில் பாதை 2008 பிப்ரவரியில் முழுமையாகத் திறந்தது. சுமார் இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். ரென்ஃபே, உய்கோ, இரியோ என மூன்று நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டுவதால் முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மலிவு. பெட்டிகளை ஸ்கேன் செய்துதான் பிளாட்பாரத்துக்கு விடுவார்கள், அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள்.

மாதம்? ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை, இல்லாவிட்டால் செப்டம்பர் பின்பாதி, அக்டோபர். நம்மூர் வெயிலுக்குப் பழகிய உடம்பு என்று ஆகஸ்டில் போக வேண்டாம். மாட்ரிட் அப்போது கொதிக்கும், குடும்பக் கடைகள் பலவும் பூட்டிக் கிடக்கும்.

மாட்ரிட்டுக்கு மூன்று இரவு. இறங்கிய நாளில் ரெதீரோ பூங்காவில் நடந்துவிட்டுத் தூங்குங்கள், அதற்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது. 1819இல் திறந்த பிராடோ அருங்காட்சியகத்தில் தினமும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் நுழைவு இலவசம், வரிசை நீளம். முதல் தடவை போகிறவர் காசு கொடுத்துக் காலையிலேயே போவதுதான் சரி. வெலாஸ்கெஸ் 1656இல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ முன்னால் கூட்டம் சேர்வதற்குள் நிற்கலாம். ரெய்னா சோபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். அங்கேதான் பிக்காசோவின் ‘குவர்னிக்கா’ இருக்கிறது. கிட்டத்தட்ட எட்டு மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் உயரம், கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு நிறமில்லை. இறந்த பிள்ளையை மடியில் ஏந்தித் தலையை அண்ணாந்து கதறும் தாய் இடது ஓரத்தில் இருக்கிறாள். குவர்னிக்கா என்பது 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய பாஸ்க் ஊரின் பெயர். ஸ்பெயினில் ஜனநாயகம் திரும்பிய பிறகு, 1981இல்தான் நியூயார்க்கிலிருந்து ஓவியம் இந்த நாட்டுக்கு வந்தது. இந்த ஒரு அறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏழு நாட்டுப் பட்டியலில் இதற்குப் பத்து நிமிஷம்கூடக் கிடைக்காது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம், அதில் நியாயமும் இருக்கிறது. மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்கு மேல். ‘கறி வேண்டாம்’ என்று சொன்னால் சூரை மீனோ பன்றித் தொடைக்கறியோ தூவிய சாலட் வந்து நிற்கலாம். மீன், ஹமோன் (பன்றித் தொடைக்கறி) இரண்டும் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். ‘தொர்த்தியா’ உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த அடை. தக்காளி தேய்த்த ரொட்டி, உருளை வறுவலான ‘பத்தாத்தாஸ் பிராவாஸ்’, குளிர்ந்த தக்காளி சூப்பான ‘கஸ்பாச்சோ’ ஆகியவை சைவத்துக்குக் கைகொடுக்கும். சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுத்தால் ஒருவேளை சோறு வடித்துக்கொள்ளலாம். தயிர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை, ஆகவே நெய் டப்பாவும் பால்கோவாவும் பெட்டியில் வேண்டாம். பருப்புப் பொடிக்கு அங்கே ஆலிவ் எண்ணெய் இருக்கிறது.

பார்சிலோனாவுக்கு நான்கு இரவு. நெய்வேலிக்காரருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்றேனே, அது இங்கேதான். பிளாக் எண்ணும் குவார்ட்டர்ஸ் எண்ணும் சொல்லி வளர்ந்தவர்களுக்கு ‘எஷாம்ப்ளா’ பகுதி ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஊரின் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்ட காலத்தில், 1859இல், இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற சிவில் இன்ஜினீயர் போட்ட வரைபடம் அது. 113 மீட்டருக்கு 113 மீட்டர் சதுர பிளாக்குகள், 20 மீட்டர் அகலத் தெருக்கள். ஒவ்வொரு பிளாக்கின் நான்கு முனையும் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் எல்லாச் சந்திப்பும் எண்கோணம். நெரிசலிலும் நோயிலும் தொழிலாளர் செத்து விழுவதைப் பார்த்த மனிதர் அவர். எல்லா வீட்டுக்கும் வெயிலும் காற்றும் வேண்டும், பிளாக்கின் நடுவே தோட்டம் வேண்டும் என்று எழுதி வைத்தார். நில உரிமையாளர்கள் அந்தத் தோட்டங்களைக் கட்டடங்களாக்கிவிட்டார்கள். இப்போது நகராட்சி அவற்றில் சிலவற்றை மீட்டுத் திறந்துவிட்டிருக்கிறது. மாமரமும் முருங்கையும் நிற்கும் தோட்டத்தோடு ஒரு குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்கள், செர்தா எதைக் கேட்டார் என்பதை அங்கே நின்று உடனே புரிந்துகொள்வார்கள்.

சக்ராதா ஃபமீலியா தேவாலயம் அப்படிப்பட்ட ஒரு முழு பிளாக்கில்தான் நிற்கிறது. வேலை தொடங்கியது 1882இல், அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் கௌடியின் பொறுப்புக்கு வந்தது, 1926இல் டிராம் மோதி அவர் இறந்தார். நேரம் குறித்த டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் சில வாரங்கள் முன்பே எடுக்க வேண்டும், வாசலில் போய் நின்றால் ஏமாற்றம்தான். மாலை வெயில் மேற்குக் கண்ணாடிகள் வழியாகச் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தூண்களில் இறங்கும், அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பார்க் குவெல் பூங்காவுக்கும் முன்பதிவு தேவை. லா ரம்ப்லா தெருவிலும் மெட்ரோவிலும் பிக்பாக்கெட் தொல்லை நிஜம். பாஸ்போர்ட் அறையில் இருக்கட்டும், நகலும் கைப்பையும் முன்பக்கம் இருக்கட்டும். அவசரத்துக்கு 112.

நெய்வேலி மைன்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு ஆசை எழலாம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், அஸ் பொந்தெஸ் என்ற ஊரில் நம்மைப் போலவே பக்கெட் வீல் இயந்திரங்களை வைத்துப் பழுப்பு நிலக்கரி வெட்டினார்கள். 2007இல் சுரங்கத்தை மூடி, 2008 முதல் 2012 வரை தண்ணீர் நிரப்பி ஏரியாக்கிவிட்டார்கள். இன்று அதன் கரையில் ஜனங்கள் குளிக்கிறார்கள். நெய்வேலியின் குழிகள் நாளைக்கு என்னவாகும், நிலம் கொடுத்த கிராமங்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று யோசிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் இந்த ஒரு வாரத்தில் அதைத் திணித்தால் மாட்ரிட்டும் பாழ், பார்சிலோனாவும் பாழ். விசாவுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதம் வரை பதிவில் இருக்கும். அதற்குள் மறுபடி மனு செய்கிறவர்களுக்குப் பொதுவாகக் கைரேகை மறுபடி தேவைப்படாது. அஸ் பொந்தெஸை அந்த இரண்டாவது பயணத்துக்கு எழுதி வையுங்கள்.