வாக்குறுதி டெல்லியில், வாக்கு தாராவியில்

2024 மக்களவைத் தேர்தலுக்குக் காங்கிரஸ் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி இருந்தது. விரிவாகக் கலந்து பேசிய பிறகு, பால்புதுமையினர் இணையராக வாழ்வதைச் சட்டப்படி அங்கீகரிப்போம் என்றது அந்த வரி. மார்க்சிஸ்ட் கட்சி ஒருபடி மேலே போய், தன்பாலின இணையருக்குத் திருமணத்துக்கு நிகரான பாதுகாப்பு தருவதாகச் சொன்னது. பா.ஜ.க. அறிக்கையில் திருநர்களுக்குக் காப்பகமும் அடையாள அட்டையும் உண்டு. தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் பற்றி மூச்சே இல்லை.

மே 20ஆம் தேதி மும்பை வாக்களித்தது. தாராவி, செம்பூர், மாட்டுங்கா என்று தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகள் அடங்கியது மும்பை தென்மத்தியத் தொகுதி. அங்கே கை சின்னமே கிடையாது. கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி உத்தவ் தாக்கரேயின் சிவசேனாவுக்குப் போயிருந்தது. ஒரு பக்கம் அந்தக் கட்சியின் அனில் தேசாய், எதிரில் ஷிண்டே சிவசேனாவின் ராகுல் ஷெவாலே. காங்கிரஸின் வாக்குறுதியை நம்பி ஓட்டுப் போட நினைத்த தாராவித் தமிழர், சிவசேனா வேட்பாளருக்குத்தான் போட்டாக வேண்டும். தேசாய் வென்றார். தாராவியில் பேச்செல்லாம் அதானியின் மறுசீரமைப்புத் திட்டம் பற்றியே இருந்தது. அந்த ஒற்றை வரியை யாரும் மேடையில் எடுத்துப் படித்திருக்க வாய்ப்பில்லை.

சிவசேனாவுக்கு இந்த விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1998 டிசம்பரில் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படம் ஓடிய கோரேகாவ் சினிமாக்ஸ் தியேட்டரை அக்கட்சியின் மகளிர் அணி அடித்து நொறுக்கியது. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் காதலர்களாக நடித்த படம். தணிக்கைக் குழு வெட்டில்லாமல் அனுமதித்த படம். மாநிலத்தை ஆண்டது சிவசேனா - பா.ஜ.க. கூட்டணி. கலவரத்தை அடக்க வேண்டிய முதல்வர் மனோகர் ஜோஷியே, உடைத்தவர்களைப் பாராட்டினார். இது நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்பது அவர் சொன்ன காரணம். ‘அந்நியர்’ என்ற முத்திரை எப்படி விழும் என்பது மும்பைத் தமிழருக்குத் தெரியாததா? அறுபதுகளின் கடைசியில் இதே கட்சி தென்னிந்தியரைக் குறிவைத்துத்தான் வளர்ந்தது. அப்படியிருந்தும், தன்பாலீர்ப்பு என்றால் நம் வீடுகளில் பலர் ஜோஷியின் பேச்சையே பேசுகிறார்கள். இதை வேறெப்படிச் சொல்வது? நமக்கு மறதி அதிகம்.

சிவசேனாவை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உத்தவ் முதல்வர், தேசியவாத காங்கிரஸின் அனில் தேஷ்முக் உள்துறை அமைச்சர், காங்கிரஸும் ஆட்சியில் பங்காளி. அந்த ஆண்டு மும்பை வானவில் பேரணிக்கு ஆகஸ்ட் கிராந்தி மைதானத்தில் போலீஸ் அனுமதி மறுத்தது. பிப்ரவரி 1 அன்று ஆசாத் மைதானத்தில் கூடினார்கள். அங்கே எழுந்த முழக்கங்களுக்காக 51 பேர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசியவாத காங்கிரஸ், பால்புதுமையினருக்கென்று தனி அணி தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் அப்படி ஓர் அணி கண்ட முதல் கட்சி என்று பெயரும் வாங்கியது. வழக்குப் போட்ட போலீஸ் துறையும் அணி தொடங்கிய கட்சியும் ஒரே கையில் இருந்தன என்பதை அன்றைக்குப் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

அணியால் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரலில் அதே கட்சியின் சுப்ரியா சுலே, தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கும்படி சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்த மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி தெரிந்ததுதான். கட்சி மொத்தமும் அதன் பின்னால் நிற்காவிட்டால் நகராது. 2015 டிசம்பரில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் திருத்த காங்கிரஸின் சசி தரூர் ஒன்று கொண்டுவந்தார். அறிமுகம் செய்யவே விடவில்லை: எதிர்ப்பு 71, ஆதரவு 24. அப்போது காங்கிரஸுக்கே நாற்பதுக்கு மேல் உறுப்பினர்கள் இருந்தார்கள். எதிர்த்தவர்களைவிட, அன்று சபைக்கு வராதவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

கடைசியில் 377ஐத் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம். 2013இல் தன்பாலீர்ப்பு இயற்கைக்கு மாறானது என்று அப்போதைய பா.ஜ.க. தலைவர் ராஜ்நாத் சிங் பேசியிருந்தார். 2018இல் மத்திய அரசு, நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. 2023இல் திருமண உரிமை வழக்கு வந்தபோது கடுமையாக எதிர்த்தது. மாநிலங்களிடமும் கருத்துக் கேட்டார்கள். மகாராஷ்டிரம் அவகாசம் கேட்டது. எதிர்த்த மூன்று மாநிலங்களில் ஒன்று அசோக் கெலாட்டின் ராஜஸ்தான். காங்கிரஸ் அரசு! மறு ஆண்டே அதே கட்சியின் அறிக்கையில் அந்த வரி. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், கையில் கிடைத்த கொஞ்சமும் வாக்குறுதியே தராத கட்சியின் ஆட்சியில்தான் கிடைத்தது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமண உரிமையை மறுத்தாலும், அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்க வழி செய்தது. அதன் பிறகு 2024இல் டெல்லியிலிருந்து சுற்றறிக்கைகள் வந்தன. ரேஷன் அட்டையில் தன்பாலின இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணையே உடலைப் பெற்றுக்கொள்ளலாம். நீதிமன்றம் தள்ளியதால் வந்தவை இவை. எந்த பா.ஜ.க. மேடையிலும் இதைச் சாதனையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

நம் ஊரிலும் கதை பெரிதாக வேறில்லை. தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. கொள்கை வகுக்கச் சொன்னது. 2025இல் தமிழக அரசு வெளியிட்டது திருநர் கொள்கை. அது தேவைதான், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் திருநரைச் சொல்லிவிட்டால் மற்றவரையும் சொன்னதாகிவிடும் என்ற பழக்கம் எல்லாக் கட்சிக்கும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதவரை வாக்கு வங்கியாக எண்ண அவர்களுக்கு வழியில்லை.

தன்பாலின இணையர் ஒரு குடும்பமா என்பது தாராவியில் நாளை பெரிய கேள்வியாகும். மறுசீரமைப்பில் தகுதி பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். ஒரே அறையில் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களில், பெயர் பதிந்தவர் இறந்துபோனால் மற்றவர் சட்டத்தின் கண்ணில் வாரிசு இல்லை. ஊரிலிருந்து வரும் அண்ணன் மகன் வீட்டை வாங்கிக்கொண்டு போகலாம். பக்கத்திலிருக்கும் சயான் ஆஸ்பத்திரி மாநகராட்சியுடையது. ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட துணையை அனுமதிக்க, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

தாராவியின் எம்.எல்.ஏ. காங்கிரஸின் ஜோதி கெய்க்வாட். சயான் கோலிவாடாவில் 2014 முதல் வென்றுவருபவர் பா.ஜ.க.வின் கேப்டன் தமிழ்ச்செல்வன். அவரிடம் தமிழிலேயே கேட்கலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு யார் வந்தாலும், தண்ணீர், கழிவறை, வீடு என்று கேட்பதோடு இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: அந்த வீடு யாருக்கு? அந்தப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடலாம்?